விதியைக் காட்டியே விதியைக் கவிழ்ப்பது: ஆன்லைன் கேம் குழுக்களில் நடக்கும் விதண்டாவாதம்

ஆன்லைன் கேம் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. ஒருவரை பேன் செய்கிறார்கள், அதாவது குழுவிலிருந்து தடை செய்கிறார்கள். அவர் உடனே தன் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்களை வெளியிடுகிறார். அதில் அவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "நான் மீறிய விதி எது, அதில் எந்த வரி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். குழுவைக் கண்காணிக்கும் மாடரேட்டரோ இரண்டு பதில் சொல்லிவிட்டு அந்த டிக்கெட்டை, அதாவது முறையீட்டு உரையாடலை, மூடியிருக்கிறார். பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. விதி என்னவென்று கேட்டவரை வெளியே தள்ளுவது எப்படி நியாயமாகும்?

சில சமயம் அது அநியாயமேதான். ஆனால் பல சமயம் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது கடைசிக் கால்மணி நேரம் மட்டும். அதற்கு முந்தைய மூன்று வாரம் அதில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரு கேமில் விதி எங்கெல்லாம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## மூன்று அடுக்குகள்

1. கேமின் நிரலில் (கோடில்) இருக்கும் விதி. கேம் விடுவதைத்தான் செய்ய முடியும். சுவருக்குள் புக முடியாது என்றால் முடியாது. யாரும் காவல் நிற்க வேண்டியதில்லை.

2. நிறுவனத்தின் விதி. சேவை நிபந்தனைகள், நடத்தை விதிகள். கணக்கு தொடங்கும்போது பெரும்பாலோர் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகும் பகுதி.

3. குழுவின் விதி. ஒரு சர்வரை, கில்டை (வீரர்கள் சேர்ந்து அமைக்கும் அணியை), போட்டியை நடத்துபவர்கள் தாங்களே எழுதிக்கொண்டது. இதைக் காப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

விதிச் சண்டைகளில் ஏராளமானவை முதல் அடுக்கைக் காட்டி மூன்றாவதை மறுப்பவை. "கேமே விடுதே, அப்புறம் என்ன தப்பு?" என்ற வாதம் இதுதான். அது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. 'ஈவ் ஆன்லைன்' 2003 முதல் நடக்கும் விண்வெளி கேம். அதில் நம்பவைத்துக் கழுத்தறுப்பதும், ஒற்றனாகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பின் சொத்தைச் சுருட்டுவதும் ஆட்டத்தின் பகுதிதான். கேமுக்குள் இருக்கும் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்பது போன்றவைதான் குற்றம். அங்கே எல்லை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே "கேம் விடுகிறது" என்பது அங்கே செல்லுபடியாகும் பதில்.

எல்லை தெளிவாக இல்லாத இடத்தில்தான் சிக்கல். லூகாஸ்ஃபிலிம் 1986-இல் சோதனைக்கு விட்ட 'ஹாபிடாட்'தான் படங்களோடு கூடிய முதல் பெரிய ஆன்லைன் உலகங்களில் ஒன்று. ஒருவர் இன்னொருவரின் கதாபாத்திரத்தைக் கொல்வதும் கொள்ளையடிப்பதும் அதில் சாத்தியமாக இருந்தது. உடனே பயனர்களுக்குள் வாக்குவாதம் கிளம்பியது: கேம் விடுவதால் இது ஆட்டமா, இல்லை குற்றமா? அதை உருவாக்கிய சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். நகரத்துக்குள் ஆயுதம் வேலை செய்யாது, வெளியே செய்யும். அதாவது மூன்றாம் அடுக்கில் தீராத சண்டையை முதல் அடுக்குக்குக் கொண்டுபோய்த் தீர்த்தார்கள். எல்லாச் சண்டையையும் இப்படித் தீர்க்க முடியாது. கேலி செய்வதையும் சேர்ந்துகொண்டு ஒருவரை ஒதுக்குவதையும் எந்த நிரலாலும் அடையாளம் காண முடியாது.

## எந்த விதியிலும் ஓட்டை இருக்கும்

பிரிட்டிஷ் சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958-இல் முன்வைத்த ஓர் எடுத்துக்காட்டு இன்றும் சட்ட வகுப்புகளில் பேசப்படுகிறது. பூங்காவுக்குள் வாகனம் வரக் கூடாது என்று ஒரு விதி. கார் வரக் கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? பொம்மைக் கார்? ஒரு சொல்லுக்கு உறுதியான மையப் பொருள் உண்டு, அதைச் சுற்றி மங்கலான விளிம்பும் உண்டு என்றார் ஹார்ட். அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் அதே ஆண்டு மறுப்பு எழுதினார். ஓடும் நிலையில் உள்ள போர் டிரக் ஒன்றை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடத்தின்மேல் நிறுத்தினால் அது விதி மீறலா? 'வாகனம்' என்ற சொல்லை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. விதி எதற்காக என்று கேட்டால்தான் வரும்.

இதை ஒரு கேம் விதியில் பார்ப்போம். ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேமில், ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் ரோல்பிளே சர்வர்கள் உண்டு. அவற்றில் 'நியூ லைஃப் ரூல்' (புது வாழ்வு விதி) என்று ஒன்று உண்டு, சுருக்கமாக என்.எல்.ஆர். உங்கள் கதாபாத்திரம் செத்து மீண்டும் எழுந்தால், அந்தச் சாவுக்குக் காரணமான சம்பவம் அதற்கு நினைவில் இருக்கக் கூடாது. விவரங்கள் சர்வருக்குச் சர்வர் மாறும், நோக்கம் ஒன்றுதான்: பழிக்குப் பழி என்று ஒரே சண்டை முடிவில்லாமல் நீளக் கூடாது.

ஒருவர் செத்து எழுந்து, பத்து நிமிடத்தில் தன்னைச் சுட்டவரின் வீட்டு வாசலில் நிற்கிறார். அட்மின் கேட்கிறார். "நான் அவரைத் தேடி வரவில்லை. இந்தத் தெருவில் எனக்கு வேறு வேலை. எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று விதியில் இல்லையே?" என்கிறார். உண்மைதான், விதியில் இல்லை. அவர் சொல்வதில் பொய் என்று நிரூபிக்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவர் என்ன செய்கிறார் என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

## நேர்மையான கேள்வியும் விதண்டாவாதமும்

விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வக்கீல்போல் வாதாடுபவருக்கு 'ரூல்ஸ் லாயர்' என்று பெயர். அது மேசையில் ஆடும் போர் விளையாட்டுகள், ரோல்பிளே கேம்களின் காலத்திலிருந்தே புழங்குகிறது. அந்தப் பெயரை எல்லோர்மீதும் ஒட்டிவிடக் கூடாது. விதியை எழுத்தெழுத்தாகப் படிப்பவர் ஒரு குழுவுக்கு வரம். முரண்பாட்டை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். சிலருக்கு உலகத்தையே நேர்ப்பொருளில்தான் புரிந்துகொள்ள வரும்; "நோக்கத்தைப் புரிந்துகொள்" என்று சொன்னால் குழம்பிப்போவார்கள், சரியான வரியைக் காட்டினால் நிம்மதியாகக் கடைப்பிடிப்பார்கள். விதி எழுதப்பட்ட மொழி தன் மொழியாக இல்லாதவரும் துருவித் துருவிக் கேட்பார். இவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது பெரிய அநீதி. நடப்பதும் அதுதான், மிக அடிக்கடி.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பண்டைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரம் வாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: உண்மையை அறிய நடப்பது, ஜெயிக்க நடப்பது, தனக்கென ஒரு நிலைப்பாடே வைத்துக்கொள்ளாமல் எதிராளி சொல்வதை உடைக்க மட்டும் நடப்பது. விதண்டை எனப்படும் மூன்றாவது வகைதான் இங்கே விஷயம். என்.எல்.ஆர். எப்படி இருக்க வேண்டும் என்று அந்த வாசலில் நின்றவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. அவருக்கு வேண்டியது வேறு விதியில்லை. தன்மேல் எந்த விதியும் ஒட்டாமல் இருப்பது.

மாடரேட்டர்கள் கவனிக்கும் அடையாளங்கள் சில:

1. இரட்டை அளவுகோல். தன் செயல் என்றால் எழுத்து. மற்றவர் செயல் என்றால் நோக்கம். "நான் செய்தது விதியில் இல்லை" என்பவரே அடுத்த வாரம் "அவன் செய்தது விதியில் இல்லாவிட்டாலும் தப்புதான்" என்று புகார் தருவார். எல்லா அடையாளங்களிலும் இதுவே வலுவானது, ஏனென்றால் பழைய டிக்கெட்டுகளைப் பார்த்தே உறுதி செய்யலாம்.

2. நகர்ந்துகொண்டே இருக்கும் நிலைப்பாடு. முதலில் "நான் செய்யவில்லை". வீடியோ கிளிப் வந்ததும் "செய்தேன், ஆனால் விதி தடுக்கவில்லை". வரியைக் காட்டியதும் "எல்லோரும்தானே செய்கிறார்கள்". அதற்கும் பதில் வந்தால் "நீ யார் என்னைக் கேட்க". ஒவ்வொரு படியும் தனியே நியாயமாகக்கூட இருக்கலாம். முந்தைய படி தவறு என்று ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாமல் அடுத்ததற்குத் தாவுவதைத்தான் பார்க்க வேண்டும்.

3. விளிம்பிலேயே குடியிருப்பது. எந்த விதியின் ஓரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது.

4. முடிவில்லாத கேள்வி. பதிலை வாங்கிக்கொண்டு அதே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்பது, குரலில் எப்போதும் பணிவு.

5. விதியை ஆயுதமாக்குவது. பிடிக்காதவரை வெளியேற்ற நண்பர்களோடு சேர்ந்து ரிப்போர்ட் அடிப்பது.

ஓர் அடையாளம் மட்டும் இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. கோபத்தில் இருக்கும் நேர்மையானவரும் இரண்டாவதைச் செய்வார். பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: "உங்கள் இடத்தில் எதிராளி இருந்து, இதே செயலை உங்களிடம் செய்திருந்தால், என்ன முடிவு சொல்வீர்கள்?" நேர்மையானவர் கொஞ்சம் தயங்கினாலும் பதில் சொல்வார். விதண்டாவாதி கேள்வியையே கேள்வி கேட்பார்.

இன்னொரு விஷயமும் உண்டு. விளையாட்டைப் பற்றி 1938-இல் எழுதிய டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்சிங்கா ஏமாற்றுபவரையும் ஆட்டத்தைக் கலைப்பவரையும் பிரித்தார். ஏமாற்றுபவர் விதியை ஏற்பதுபோல் நடிக்கிறார், ஆகவே ஆட்டம் தொடர்கிறது. ஆட்டத்தைக் கலைப்பவர் ஆட்டமே பொய் என்று காட்டிவிடுகிறார். அதனால்தான் முன்னவரைவிடப் பின்னவர்மேல் கூட்டத்துக்குக் கோபம் அதிகம் என்றார். விதண்டாவாதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். விதியை உரக்கச் சொல்லிக்கொண்டே ஆட்டத்தைக் கலைக்கிறார். ஒரு குழு ஹேக்கர்மேல் படும் கோபத்தைவிட இவர்மேல் அதிகம் எரிச்சல்படுவது இதனால்தான்.

## இது ஏன் பலிக்கிறது

முதல் காரணம் உழைப்புக் கணக்கு. அபத்தமான ஒன்றைச் சொல்வதைவிட அதை மறுப்பதற்குப் பல மடங்கு உழைப்பு தேவை என்று இத்தாலிய மென்பொருளாளர் ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013-இல் சொன்னது பரவலாகத் தெரிந்ததே. "எந்த வரி?" என்று கேட்க மூன்று விநாடி போதும். பதில் சொல்ல மாடரேட்டர் சர்வரின் பதிவுகளை (லாக்) பார்க்க வேண்டும், கிளிப் பார்க்க வேண்டும், பழைய தீர்ப்போடு ஒத்துப்போகிறதா என்று சக மாடரேட்டரைக் கேட்க வேண்டும். அவர் வேலை முடிந்து வந்து இதைச் செய்கிறார். எதிரில் இருப்பவருக்கு இதுவே பொழுதுபோக்கு.

இரண்டாவது காரணம் மாடரேட்டரின் நேர்மை. நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் இந்த வலை. அக்கறையில்லாதவர் யோசிக்காமல் பேன் அடித்துவிட்டுப் போவார். அக்கறை உள்ளவர் உட்கார்ந்து பதில் எழுதுவார், களைத்துப்போவார், ஒரு நாள் பொறுப்பை விட்டு விலகுவார். மிச்சம் இருப்பவர்கள் யார் என்று யோசித்தால் ஒரு குழு எப்படிச் சீரழிகிறது என்பது புரியும்.

மூன்றாவது, பார்வையாளர்கள். மூடிய டிக்கெட்டுக்குள் தோற்ற வாதம், வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் ஜெயிக்கும்.

## தவறான மருந்து

பெரும்பாலான குழுக்கள் முதலில் செய்வது விதியை நீட்டுவது. என்.எல்.ஆர். எடுத்துக்காட்டில், "செத்த இடத்துக்கு 15 நிமிடம் போகக் கூடாது" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பதினாறாவது நிமிடம் அதே ஆள் அதே வாசலில் நிற்பார், இந்த முறை எழுத்து முழுக்க அவர் பக்கம். தூரத்தையும் சேர்ப்பார்கள், அவர் நண்பரை அனுப்புவார். நண்பரையும் சேர்ப்பார்கள். இப்படியே விதிப் பட்டியல் பல பக்கத்துக்கு நீண்டு, புதிதாக வருபவர் படிக்கவே முடியாமல் போகிறது. அதை முழுவதும் படித்து வைத்திருப்பவர் யாருக்காக அது எழுதப்பட்டதோ அவர் ஒருவர்தான். சேர்க்கும் ஒவ்வொரு வரியும் ஒரு புதிய விளிம்பு.

இந்தப் பாதையில் வெகுதூரம் போய்ப் பார்த்த உலகம் ஒன்று உண்டு. பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் தொடங்கிய 'லாம்டாமூ' எழுத்தால் மட்டுமே ஆன உலகம். அதன் நிர்வாகிகளுக்கு 'விசார்ட்' என்று பெயர். பயனர்களின் சச்சரவுகளில் இனி தலையிடப் போவதில்லை, தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்போம் என்று 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் அறிவித்தார்.

1993-இல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் இருந்த ஒருவர், ஒரு சிறிய நிரலைப் பயன்படுத்தி மற்றவர்களின் கதாபாத்திரங்கள் அருவருப்பான பாலியல் செயல்களில் ஈடுபடுவதுபோல் பொது அறையில் எழுத்தை ஓடவிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் அவரை நீக்கச் சொன்னார்கள். கூட்டம் கூடியது. சட்ட நுணுக்கம் பார்க்கும் சிலர், இதைத் தடை செய்யும் விதி எதுவும் எழுதப்படவில்லை, ஆகவே முறைப்படி நீக்க முடியாது என்றார்கள். பங்கிளே அங்கே வந்து, அது ஒரு மனோதத்துவப் பரிசோதனை என்றும், தன் நிஜ வாழ்க்கையை அது எந்த விதத்திலும் தொடவில்லை என்றும் சொன்னார். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. கடைசியில் ஒரு விசார்ட் தானாகவே முடிவெடுத்து அந்தக் கதாபாத்திரத்தை நீக்கினார்.

அதன் பிறகு கர்ட்டிஸ் மனு, வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் மனு போடலாம், போதிய ஆதரவு கிடைத்தால் வாக்கெடுப்புக்குப் போகும். பயனர்களே நடுவர்களாக இருந்து வழக்கு விசாரிக்கும் முறையும் உருவானது. சச்சரவுகள் குறையவில்லை. நடைமுறையே புதிய சண்டைக் களமானது. 1996 மே மாதம் விசார்டுகள் இரண்டாவது அறிவிப்பை வெளியிட்டார்கள். தொழில்நுட்ப முடிவு வேறு, சமூக முடிவு வேறு என்று பிரிப்பது சாத்தியமில்லை, தேவைப்படும்போது நாங்களே முடிவெடுப்போம் என்று சொன்னார்கள். விதிகள் தம்மைத் தாமே நடத்திக்கொள்ளாது. யாரோ ஒருவர் பொருள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மூன்றரை ஆண்டு ஆனது.

## மறுபக்கம்: நடத்துபவரே கெட்ட எண்ணத்தோடு வாதிட்டால்?

சரி, அப்படியென்றால் 'நோக்கம்தான் முக்கியம், மாடரேட்டர் சொல்வதே முடிவு' என்று விட்டுவிடலாமா? கூடாது. 2019 அக்டோபரில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிளிஸார்ட் நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு கேமின் போட்டியில் 'பிளிட்ஸ்சங்' என்ற ஹாங்காங் வீரர், ஆட்டத்துக்குப் பிந்தைய நேரலைப் பேட்டியில் ஹாங்காங் போராட்டத்துக்கு ஆதரவான முழக்கத்தைச் சொன்னார். நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்து, பரிசுப் பணத்தையும் நிறுத்தியது. காட்டிய விதி இதுதான்: பொதுமக்களில் ஒரு பகுதியினரைப் புண்படுத்துவதோ நிறுவனத்தின் பெயரைக் கெடுப்பதோ, அதுவும் 'நிறுவனம் தன் விருப்பப்படி' அப்படிக் கருதும் செயல், தண்டனைக்குரியது. கண்டனம் பெருகியதும் பரிசைத் திருப்பித் தந்து, தடையை ஆறு மாதமாகக் குறைத்தது.

அந்த விதியில் மையமே இல்லை, முழுக்க விளிம்புதான். எதை வேண்டுமானாலும் அதற்குள் அடக்கலாம். வீரர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாதிட்டால் அதை விதண்டாவாதம் என்கிறோம். நிறுவனம் எழுத்தை வேண்டுமென்றே காலியாக வைத்துக்கொண்டு பிறகு நிரப்பினால் அதுவும் அதேதான். அதிகாரம் கையில் இருப்பதால் இன்னும் மோசமானது. "எந்த வரி?" என்ற கேள்வி அங்கே அவசியமான கேள்வி.

ஆகவே பேன் செய்திகளைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது, யார் விதியை மேற்கோள் காட்டுகிறார் என்பதல்ல. அந்த விதியின் நோக்கத்தை யாரால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறது, அந்த வாக்கியம் நடந்த செயலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான்.

## எது வேலை செய்கிறது

அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல், மீன்பிடித் துறை, பாசன வாய்க்கால் போன்ற பொதுச் சொத்துகளை நீண்ட காலம் சண்டையில்லாமல் நிர்வகித்த சமூகங்களில் பொதுவாக இருந்த எட்டு அம்சங்களைத் தொகுத்தார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். அவற்றில் மூன்று இங்கே நேராகப் பொருந்தும்: தண்டனை படிப்படியாக ஏற வேண்டும், சச்சரவைத் தீர்க்கும் வழி எளிதாகவும் செலவில்லாமலும் இருக்க வேண்டும், விதியால் பாதிக்கப்படுவோர் அதை மாற்றுவதில் பங்கேற்க வேண்டும். கேம் குழுவுக்கு இதை இப்படி மாற்றலாம்:

1. ஒவ்வொரு விதிக்கும் கீழே நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "பழிவாங்கும் சண்டை நீளாமல் இருக்க" என்று என்.எல்.ஆருக்குக் கீழே இருந்தால், மீட்டர் கணக்கு தேவையில்லை.

2. உண்மையான ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவரைத் தண்டிக்காதீர்கள். விதியைத் திருத்துங்கள், அவருக்குச் சொல்லுங்கள். திருத்தத்தை நடந்து முடிந்ததற்குப் பொருத்தாதீர்கள். அதே ஆள் அடுத்தடுத்த விளிம்புக்குப் போய்க்கொண்டே இருந்தால், அப்போது பேச்சு தனித்தனிச் செயலைப் பற்றியதல்ல, நடத்தையைப் பற்றியது. அதற்கென்றே ஒரு விதி இருக்கட்டும்.

3. முடிவைக் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். என்ன நடந்தது, எந்த விதி, எவ்வளவு காலம். மூன்று வரி போதும்.

4. ஒரே ஒரு அப்பீல், வேறொரு மாடரேட்டரிடம். அதன் பிறகு கதவை மூடலாம். காரணம் சொல்லி, மேல்முறையீடும் கேட்டுவிட்டு மூடுவது ஆணவமல்ல.

நான்காவதை எதேச்சாதிகாரம் என்று நினைப்பவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தைப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தளங்கள் ஒருவரைக் கட்டுப்படுத்தினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. 20-ஆவது பிரிவு முறையீட்டுக்கு வழி வைக்கச் சொல்கிறது. அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு, வெளிப்படையாகவே ஆதாரமற்ற புகார்களையும் முறையீடுகளையும் அடிக்கடி அனுப்புபவர்களுடையதை, முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டு, ஒரு காலத்துக்குப் பரிசீலிக்காமல் நிறுத்திவைக்கச் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்கு 20, 23 ஆகிய பிரிவுகளின் கட்டாயம் இல்லை. ஒரு சிறு சர்வர் இவற்றைத் தானே முன்வந்து தன் விதிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அப்பீல் எழுதும் வீரருக்கும் இதிலிருந்து ஒரு வழிமுறை கிடைக்கிறது. நடந்ததை வரிசையாக, உங்களுக்கு எதிரான பகுதியையும் சேர்த்து எழுதுங்கள். வெட்டாத கிளிப்பை இணையுங்கள். விதியின் நோக்கம் என்னவென்று நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி, உங்கள் செயல் அதைக் கெடுத்ததா இல்லையா என்று விளக்குங்கள். என்ன முடிவு வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். இப்படி எழுதப்பட்ட அப்பீலை ஒரு குழு காரணமே சொல்லாமல் தூக்கிப்போட்டால், அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளியிடுவதில் தவறில்லை.